அறுபது வாட்ஸ்

மெட்ராஸில் எஞ்சினுக்குக் குளிரும் என்றால்
யார் நம்புவார்கள்.
தஸ்தகீர் பாய் நம்பவில்லை.
கத்திரி வெயிலில் ஒருநாள்
ஐஸ் லோடோடு வண்டி கொதித்து நின்றபோது
தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்
கையில் கொடுத்தவர் அவர்தான்.
"இந்த ஊருக்கு இது எதுக்கும்மா டெல்பினா,
குளிர்நாட்டுக்காரன் வச்சது."
நானும் அதைக் கொண்டுபோய்
பொத்தான் டப்பாவில் போட்டுவைத்தேன்.

மார்கழி வந்தது.
பதினெட்டுக் குதிரைச் சக்தி,
என் தோளுயரம்கூட இல்லாத குட்டி டிராக்டர்,
முன்சக்கரம் இன்னும் பேங்குக்குச் சொந்தம்.
ராத்திரி இரண்டு மணிக்கு
காசிமேட்டு ஐஸ் கம்பெனி வாசலில்
சாவியைத் திருப்பினால் இருமும்.
வெள்ளையாகப் புகை கக்கும்,
எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும்.
மறுபடி சாவி. மறுபடி இருமல்.
பாட்டரி முனகி அடங்கும்.
பின்னால் டிரெய்லரில் இருபது பார் ஐஸ்
அவசரமே இல்லாமல் சொட்டும்.

கிளம்பினாலும் எவ்வளவு தூரம்?
கம்பெனியிலிருந்து வார்ஃபுக்கு முக்கால் கிலோமீட்டர்.
இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் ஆறிப்போகும்.
சூடு காட்டும் முள்
கீழ்க்கோட்டை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.
ஆயில் குச்சியை உருவினால்
டீசல் கலந்து ரசம்போல் ஒழுகியது.

என்னென்னவோ செய்தேன்.
டிவி பெட்டி அட்டையை வெட்டி
ரேடியேட்டர் முகத்தை மறைத்தேன்.
பானெட்டுக்குக் கோணிப்பை.
டீக்கடை ஏகாம்பரத்திடம்
இரண்டு சொம்பு வெந்நீர், பத்து ரூபாய்.
"கொழந்தைக்கா?" என்றான்.
ஆமாம் என்றேன்.

ஆயில் தொட்டிக்கு அடியில்
ஒரு குண்டு பல்பு எரிந்தால் போதும் என்றார்
லாஞ்சு டிரைவர் ஒருவர்.
தண்டையார்பேட்டை முழுக்க அலைந்தேன்.
எல்லாக் கடையிலும் எல்.ஈ.டி.
"எவ்ளோ நேரம் எரிஞ்சாலும் சுடாதுக்கா"
கடைக்காரப் பையனுக்கு அதில் ஒரு பெருமை.
திரும்பும்போது வடக்கே
எண்ணூர் அனல் நிலையத்தின் புகைக்கூண்டுகள்
தலையில் சிவப்பு விளக்கோடு நின்றன.
அங்கே அத்தனை அனல்.
கம்பி வழியாக என்னிடம் வந்து சேர்வதற்குள்
வெறும் வெளிச்சம்.

ஒன்றே ஒன்று இருந்தது,
ஜீவரத்தினத்தின் மொட்டைமாடியில்.
ஆப்பிள் பெட்டிக்குள்
பதினோரு கின்னிக்கோழிக் குஞ்சுகளுக்கு மேல்
மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.
விலைக்குக் கேட்டேன். மாட்டேன் என்றான்.
ராத்திரிக்கு மட்டும் என்றேன்.
"ராத்திரிதானே அதுங்களுக்கும் குளிரும்?"
நியாயம்தான்.
பாதிப் படி இறங்கியிருப்பேன்.
மேலிருந்து கத்தினான்:
"வண்டிக்கடியில எவ்ளோ எடம் இருக்கு?"

அன்றைக்கு ஏகாம்பரம் கடை பிளக்கிலிருந்து
ஒயர் இழுத்தோம்.
பூனைக்குப் பயந்து
பெட்டியைச் சுற்றிப் பழைய நண்டு வலை.
மேலே ஆயில் தொட்டி, கீழே குஞ்சுகள்,
நடுவில் அறுபது வாட்ஸ்.

ஒன்றே முக்காலுக்கு
குனிந்து தொட்டியைத் தொட்டேன்.
இரும்பு,
லேசாகக் காய்ச்சல் கண்ட நெற்றி மாதிரி இருந்தது.
ஐஸ் பிடித்து மரத்த கை
அதை விட்டு வரமாட்டேன் என்றது.
பெட்டியை வெளியே இழுத்துவைத்துவிட்டுச்
சாவியைத் திருப்பினேன்.
ஒரு இருமல்.
இரண்டாவது இருமலிலேயே பிடித்துக்கொண்டது.
குஞ்சுகள் பதினொன்றும் ஒரே கூச்சல்.
ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு
நின்றிருந்த லோடு ஆட்களில் ஒருவர்
"யார்றா அது, சேவலு கூவுது" என்றார்.

அடுத்த வாரம் பொத்தான் டப்பாவைத் துழாவி
தெர்மோஸ்டாட்டை எடுத்துக்கொண்டு போனேன்.
பாய் ஒன்றும் பேசவில்லை.
பழசு இறுகியிருக்கிறது என்று
புதுசு ஒன்று வாங்கி மாட்டினார்,
கூலி வாங்கவில்லை.
முள் இப்போது பாதிவரை ஏறுகிறது.

தை பிறந்ததும் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது.
பல்பை இன்னும் நான் கொடுக்கவில்லை,
அவனும் கேட்கவில்லை.
ஆயில் சொட்டி ஒரு குஞ்சுக்குத்
தலை கறுத்துப்போனதைத்தான்
நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.